தங்கம் எடுத்தவர் குரலுக்கும் அரசுப் பணம் வேண்டும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் செயற்குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



ஞாயிற்றுக்கிழமை என்பது நமக்குத் துணி துவைக்கவும் தூங்கவும் கிடைக்கிற ஒரே நாள். மற்ற நாளெல்லாம் விடியற்காலையில் மாரிக்குப்பத்திலோ சாம்பியனிலோ கோரமண்டலிலோ ரயிலைப் பிடித்து, பங்காருபேட்டை வழியாகப் பெங்களூர் வந்து, இரவு அதே ரயிலில் திரும்புகிறவர்கள் நம்மில் பலர். மற்றவர்கள் அந்த அலைச்சல் தாங்காமல் இங்கேயே வாடகைக்குக் குடியேறியவர்கள். அந்த ஒரு நாளையும் விட்டுக் கொடுத்து வந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

கோலார் தங்கவயலில் நம் பாட்டன் பூட்டன் உழைத்த உழைப்புக்கு என்ன ஆவணம் இருக்கிறது? அது யார் கையில் இருக்கிறது? அதைக் காப்பாற்ற மக்களின் வரிப்பணத்தில் ஒரு பங்கு கேட்க நமக்கு உரிமை உண்டா இல்லையா? இன்றைக்குப் பேச வேண்டியது இதுதான்.

2024-ஆம் ஆண்டு ஜூன் மாதம் கர்நாடக அமைச்சரவை ஒரு முடிவு எடுத்தது. தங்கவயலில் நாம் சயனைடு மேடு என்று சொல்கிற மண் குன்றுகள் இருக்கின்றனவே, அந்த 13 மேடுகளை ஏலம் விடும் மத்திய அரசின் யோசனைக்குச் சம்மதம் தெரிவித்தது. அந்த மேடுகள் பரவிக் கிடக்கும் நிலம் ஆயிரம் ஏக்கருக்கு மேல். கழிவு மண் ஏறக்குறைய 3.3 கோடி டன். நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தங்கத்தைப் பிரித்து எடுத்தபின் வேண்டாம் என்று கொட்டிய மண் அது. காற்றடித்தால் நம் வீட்டுச் சோற்றுப் பானையில் விழுகிற மண் அது. அதில் டன்னுக்கு எத்தனை துளி தங்கம் மிச்சமிருக்கிறது என்பதை அளந்து பார்க்கப் பணமும் ஆளும் கிடைத்தது. நல்லது, கிடைக்கட்டும். அந்த மண்ணைப் பூமிக்குள்ளிருந்து மேலே கொண்டு வந்த மனிதனிடம் என்ன மிச்சமிருக்கிறது என்று பார்க்க ஏன் ஒரு ரூபாயும் ஒதுக்கப்படவில்லை என்றுதான் கேட்கிறோம்.

சுரங்கம் மூடப்பட்டது 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28. கடைசியாக வேலைக்குச் சேர்ந்த இளைஞர்களுக்கே இன்று ஐம்பது வயதை ஒட்டியோ தாண்டியோ ஆகிவிட்டது. 1956-ல் மைசூர் அரசு சுரங்கங்களைத் தன் கைக்குக் கொண்டுவந்ததையும், 1962-ல் மத்திய அரசு ஏற்றதையும், 1972-ல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவானதையும் வேலையில் இருந்தபடி பார்த்தவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கிறார்கள். 1946-ல் இருபது வயது இளைஞனாக இருந்தவன் இன்று இருந்தால் நூறு வயதைத் தொடுவான். இதற்கு மேல் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாதந்தோறும் நம் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் வருகிற இரங்கல் செய்திகளைப் பார்த்தாலே தெரியும்.

நம்மைப் பற்றி எழுதி வைக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. நிறையவே எழுதினார்கள். எதற்காக எழுதினார்கள் என்பதுதான் கேள்வி. 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்த பிறகு வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் சாதிக் கொடுமைக்கும் பஞ்சத்துக்கும் தப்பி வந்தவர்களைக் கம்பெனி கணக்கெடுத்தது. எத்தனை தலை, எத்தனை ஷிஃப்ட், எத்தனை நாள் மட்டம் என்று பேரேட்டில் ஏற்றியது. 1930-ல் ஒவ்வொரு தொழிலாளியின் கைரேகையையும் பதிந்து வைக்க முயன்றபோது ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்தினார்கள். கைரேகை எடுப்பது திருடனுக்குத்தானே, நமக்கு எதற்கு என்பது அவர்கள் கேள்வி. இன்றைக்கு ரேஷன் கடையில் விரலை வைத்து, இயந்திரம் ஏற்காமல் திரும்பி வருகிற நமக்கு அந்தக் கோபம் நன்றாகவே புரியும்.

போலீசும் எழுதியது. மைசூர் சமஸ்தானத்துக் கோப்புகள் பெங்களூரில் கர்நாடக மாநில ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. வேலைநிறுத்தம் என்றால் அங்கே அது கலவரம். தலைவர் என்றால் அங்கே அவர் தூண்டிவிட்டவர். 1946 நவம்பர் 4-ல் துப்பாக்கிச் சூட்டில் 6 தொழிலாளர்கள் விழுந்தார்கள். அந்த நாளுக்கு அதிகாரியின் அறிக்கை உண்டு. அன்றைக்குச் சோறு வடித்துக் காத்திருந்த அம்மாவின் வாக்குமூலம் எந்த அலமாரியிலும் இல்லை. தங்கவயல் தொழிலாளரையும் பெங்களூர் பஞ்சாலைத் தொழிலாளரையும் பற்றி 1998-ல் வரலாற்றாசிரியர் ஜானகி நாயர் ஓர் அரிய நூல் எழுதினார். ஆங்கிலத்தில் இருப்பதால் நம் வீடுகளுக்கு வந்து சேரவில்லை என்பது ஒரு குறை. ஆனாலும் அதிகாரியின் காகிதத்தைக்கூடத் தொழிலாளி பக்கம் நின்று படிக்க முடியும் என்று காட்டிய புத்தகம் அது.

டாக்டர்களும் எழுதினார்கள். 1940-களில் நடந்த நுரையீரல் சோதனைகளில், பார்க்கப்பட்ட சுரங்கத் தொழிலாளரில் நூற்றுக்கு 40 பேருக்கு மேல் கல்தூசி நோய் இருந்தது தெரிந்தது. இந்தியாவில் அந்த நோய் முதன்முதலாக அறிவிக்கப்பட்டதே தங்கவயலில்தான். விஞ்ஞானிகளும் எழுதினார்கள். 1965-ல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழத்தில், காற்று மண்டலத்தில் பிறந்து பூமியைத் துளைத்துச் செல்கிற நியூட்ரினோ என்னும் நுண்துகளை உலகில் முதல் வரிசையில் பதிவு செய்த கருவிகள் வைக்கப்பட்டன. அது பெருமைக்குரிய செய்தி, மறுப்பதற்கில்லை. அவ்வளவு ஆழத்தில் வேர்வையில் நனைந்துகொண்டு அந்தக் கருவிகள் இறங்க வழி செய்தவர்கள் நம் ஆட்கள். பாறை வெடிப்பு எங்கே, எப்போது, எத்தனை வேகத்தில் வந்தது என்பதற்கும் கருவிப் பதிவு இருக்கிறது. வெடிப்புக்கு முன்னால் பாறை முனகும் சத்தத்தைக் காதால் கேட்டு, ‘வெளியே வாங்கடா’ என்று கத்திக் கூட்டாளிகளைக் காப்பாற்றிய அனுபவத்துக்குப் பதிவு இல்லை.

இப்படி நம் எண்ணிக்கை, நம் ரேகை, நம் நுரையீரல் எல்லாம் பிறர் கை எழுத்தில் இருக்கின்றன. நம் சொல் மட்டும் நம் வாயோடு நின்றுவிட்டது.

அதன் பலன் என்ன தெரியுமா? வெற்றிடத்தைச் சினிமா நிரப்புகிறது. 2018-லும் 2022-லும் நம் ஊர்ப் பெயரில் இரண்டு படங்கள் வந்து கோடி கோடியாக வசூலித்தன. கற்பனைக் கதைதான், அதில் தப்பில்லை. ஆனால் வட இந்தியாவில் இன்று கே.ஜி.எஃப் என்றால் அந்தக் கதாநாயகனைத் தெரியும். தட்டி வீட்டில் குடியிருந்தவனைத் தெரியாது. 2024-ல் வந்த ‘தங்கலான்’ நம் மூதாதையர் பக்கம் நின்று பேச முயன்றது. இருந்தாலும் ஒரு சினிமாவை நம்பி ஒரு சமூகம் தன் வரலாற்றை ஒப்படைக்க முடியுமா? சங்கு ஊதினால் எந்த ஷிஃப்ட், நேரங்கெட்ட நேரத்தில் ஊதினால் என்ன அர்த்தம், அப்போது லைன் முழுக்கப் பெண்கள் எப்படிச் சாஃப்ட்டை நோக்கி ஓடுவார்கள் என்பதெல்லாம் எந்தக் கதாசிரியரின் மூளையிலும் உதிக்காது. பட்டவர் சொன்னால்தான் உண்டு.

இங்கே ஒரு தோழர் குறுக்கிட்டுக் கேட்பது காதில் விழுகிறது. ‘சாக்கடைக்கும் தண்ணீருக்கும் பணம் கேட்டு மனு எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. கிழவர்களின் பழங்கதைக்கு எதற்குப் பணம்?’ என்கிறார். நியாயமான கேள்வி. செயற்குழுவுக்குள்ளும் இதே கேள்வி எழுந்தது, இரண்டு கூட்டம் விவாதம் நடந்தது.

பதில் இதுதான். ஒருவர் இத்தனை ஆண்டு பூமிக்கடியில் வேலை செய்தார் என்பதற்குச் சர்வீஸ் பதிவேடு வேண்டும். அவருக்கு வந்த இருமல் பீடியால் வந்ததல்ல, கல்தூசியால் வந்தது என்று வாதாட எக்ஸ்ரேயும் மருத்துவக் குறிப்பும் வேண்டும். இந்த லைன் வீட்டில் மூன்று தலைமுறையாக இருக்கிறோம் என்று காட்ட ஒதுக்கீட்டுச் சீட்டு வேண்டும். விதவைத் தாய் ஒருத்தி பாக்கித் தொகை கேட்டுப் போனால் ‘ரிக்கார்டு இல்லை’ என்று ஒரு வார்த்தையில் அனுப்பி விடலாம். அந்த ஒரு வார்த்தைக்கு எதிராக அவள் கையில் என்ன இருக்கிறது? ஆவணம் என்பது படித்தவர்களின் பொழுதுபோக்கு என்று நினைக்காதீர்கள். காகிதம் யாரிடம் இருக்கிறதோ அவர்தான் வழக்கில் பேசுகிறார். தண்ணீர்க் குழாய்க்கு மனு எழுதுகிற அதே கையால்தான் இதற்கும் எழுத வேண்டும்.

பழங்கதை என்று சொல்வதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1907-ல் அயோத்திதாசப் பண்டிதர் சென்னையில் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். பிறகு அது ‘தமிழன்’ ஆயிற்று. 1914-ல் அவர் மறைந்தார். அந்தப் பத்திரிகைக்கு உயிர் கொடுத்த வாசகர்களில் பெரும் பகுதி தங்கவயல் சுரங்கத் தொழிலாளர். மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் பௌத்த சங்கங்கள் இருந்தன. பண்டிதரின் நூல்களைச் சாம்பியன் ரீஃபில் இருந்த சித்தார்த்தா புத்தகசாலை அச்சிட்டது. 1926-ல் அப்பாத்துரையார் தங்கவயலிலிருந்தே ‘தமிழன்’ இதழை மறுபடி நடத்தத் தொடங்கினார். பகலெல்லாம் பாறை உடைத்தவர்கள் மாலையில் பத்திரிகை படித்து விவாதித்த ஊர் அது.

பண்டிதர் மறைந்து எண்பத்தைந்து ஆண்டு கழித்து, 1999-ல், ஞான அலாய்சியஸ் தொகுத்து, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் வழியாக ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ வெளிவந்தது. அதற்குப் பின்தான் பல்கலைக்கழகங்கள் விழித்துக்கொண்டு, தமிழ்நாட்டு அரசியல் வரலாற்றையே திருப்பி எழுத வேண்டியிருக்கிறது என்று பேசின. அந்தப் பழைய இதழ்கள் எங்கிருந்து வந்தன? அன்பு பொன்னோவியம் போன்ற பற்றாளர்கள் தங்கள் சொந்த முயற்சியில் கட்டிக் காத்தவை அவை. கரையானுக்கும் மழைக்கும் பழைய பேப்பர்காரனுக்கும் தப்பியது நம் மக்களின் பிடிவாதத்தால். இன்னும் எத்தனை வீடுகளில் எத்தனை தப்பாமல் போயிற்றோ! ஒரு சமூகத்தின் அறிவுச் சொத்து தனி மனிதர்களின் டிரங்குப் பெட்டியை நம்பி எத்தனை காலம் இருக்கும்?

சரி, அரசாங்கம் இப்படிப்பட்ட வேலைக்குப் பணமே கொடுப்பதில்லையா என்றால், கொடுக்கிறது. எதற்குக் கொடுக்கிறது என்று பாருங்கள்.

2003-ல் மத்திய அரசு தேசியச் சுவடிகள் இயக்கம் ஒன்றைத் தொடங்கியது. 2025-26 வரவு செலவுத் திட்டத்தில் அதை ஞான பாரதம் என்று பெயர் மாற்றி விரிவாக்கி, 3.5 கோடியாக இருந்த ஒதுக்கீட்டை 60 கோடியாக உயர்த்தினார்கள். ஒரு கோடிக்கு மேற்பட்ட சுவடிகளைக் கணக்கெடுப்பதாக அறிவிப்பு. ஓலைச்சுவடிகளைக் காப்பதை நாம் எதிர்க்கவில்லை. தமிழனை விட ஓலைச்சுவடியின் அருமை தெரிந்தவன் யார்? ஆனால் சுவடி என்பதற்கு அவர்கள் சொல்லும் இலக்கணம் என்ன? கையால் எழுதப்பட்டிருக்க வேண்டும், குறைந்தது 75 ஆண்டு பழமை வேண்டும், அச்சானது சேராது. இந்த இலக்கணத்தில் நாம் எங்கே நிற்கிறோம்? தொழிற்சங்கத் துண்டறிக்கை அச்சானது, சேராது. சம்பளச் சீட்டு கம்பெனி அச்சடித்தது, சேராது. பாட்டியின் குரல் எழுத்தே அல்ல, அதுவும் சேராது. எழுதப் படிக்க விடாமல் வைத்திருந்த சாதிகளைப் பார்த்து, கையெழுத்துப் பிரதி கொண்டு வா, காப்பாற்றுகிறோம் என்றால் என்ன நீதி?

வாய்மொழி வரலாற்றுக்கும் அரசுப் பணம் போயிருக்கிறது. டெல்லியில் நேரு நினைவு நூலகமாக இருந்து, 2023-ல் பிரதமர்கள் நூலகம் என்று பெயர் மாறிய நிறுவனம் பல பத்தாண்டுகளாகப் பேட்டிகளைப் பதிவு செய்து வைத்திருக்கிறது. பெரும்பாலும் தலைவர்களும் பெரிய மனிதர்களும். நாடாளுமன்ற உறுப்பினரின் தொகுதி நிதி ஆண்டுக்கு 5 கோடி இருக்கிறது. அதில் நூலகக் கட்டடம் கட்டலாம், பெயர்ப்பலகை வைக்கலாம். உள்ளே உட்கார்ந்து கிழவரின் பேச்சைக் கேட்டு எழுதுகிற பெண்ணுக்கு மாதச் சம்பளம் கொடுக்க அந்த விதியில் இடமில்லை. கல்வெட்டில் பெயர் வராத செலவுக்குப் பணம் கிடைப்பது நம் நாட்டில் எப்போதும் கஷ்டம்.

ஆனால் தொழிலாளிக்காக ஒரு முறையாவது அரசுப் பணம் போயிருக்கிறது. அதை நாம் மறக்கக் கூடாது, மறக்க விடவும் கூடாது. 1998-ல் நொய்டாவில் உள்ள வி.வி.கிரி தேசியத் தொழிலாளர் நிறுவனமும் இந்தியத் தொழிலாளர் வரலாற்றாசிரியர் சங்கமும் சேர்ந்து இந்தியத் தொழிலாளர் ஆவணக் காப்பகம் ஒன்றை ஏற்படுத்தின. அது மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தின் கீழ் வருகிற நிறுவனம். தொழிற்சங்கப் பத்திரங்களையும் தொழிலாளரின் குரலையும் சேர்ப்பது அரசின் வேலைதான் என்று அரசே ஒப்புக்கொண்டதற்கு இது சாட்சி. இனி யாராவது அதிகாரி ‘இதற்கெல்லாம் திட்டமில்லை’ என்று சொன்னால், திட்டம் இருந்தது, எங்கள் ஊருக்கு வந்து சேரவில்லை என்று பதில் சொல்லுங்கள்.

பம்பாய் ஆலைத் தொழிலாளர் கதையையும் பாருங்கள். 1982 ஜனவரியில் தொடங்கி இரண்டரை லட்சம் பேர் ஈடுபட்ட அந்த வேலைநிறுத்தத்துக்குப் பின் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடி, நிலமெல்லாம் மாடிக் கட்டடங்களாகிவிட்டன. மீனா மேனனும் நீரா அடார்க்கரும் அந்தத் தொழிலாளரிடம் நேரில் பேசி, கிர்ணகாவின் நூறாண்டை அவர்கள் குரலிலேயே 2004-ல் புத்தகமாக்கினார்கள். புகைபோக்கி இடிந்த பிறகும் அந்த ஜனங்களின் பேச்சு நிற்கிறது. நம் ஊரில் சாஃப்ட்டின் தலைச்சக்கரம் இன்னும் நின்றுகொண்டிருக்கிறது, பேச்சுத்தான் போய்க்கொண்டிருக்கிறது.

அரசு கை நீட்டாவிட்டால் யார் கை நீட்டுவார்கள் என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த தமிழ் நூல்களும் இதழ்களும் அவர் 1992-ல் மறைந்தபின் சிதறிப் போகாமல் நின்றன. காரணம், அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம் அவற்றை விலை கொடுத்து வாங்கியது. வாங்கிக் கடல் கடத்திக்கொண்டு போகாமல் சென்னையிலேயே நூலகமாக வைத்தார்கள், அது நம் நல்ல காலம். ஒவ்வொரு முறையும் அப்படி நடக்கும் என்று இருந்துவிட முடியாது. அயல்நாட்டு அறக்கட்டளைகள் செய்கிற நன்மையை நாம் குறை சொல்லவில்லை. வரி கட்டுகிற நாட்டில் கேட்டு வாங்க வேண்டியதை வேறு நாட்டாரின் தயவில் பெறுவது சரியா என்பதே நம் கேள்வி.

இனி சட்டத்துக்கு வருவோம். இங்குதான் நமக்கு ஒரு பிடி இருக்கிறது. 1993-ஆம் ஆண்டின் பொது ஆவணங்கள் சட்டம் மத்திய அரசு அலுவலகங்களுக்கு மட்டுமல்ல, பொதுத்துறை நிறுவனங்களுக்கும் பொருந்தும். பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மத்திய அரசின் பொதுத்துறை நிறுவனம். ஆகவே அதன் வருகைப் பதிவேடும் விபத்துப் பதிவேடும் ஆஸ்பத்திரிக் குறிப்பும் வீட்டு ஒதுக்கீட்டுப் பதிவேடும் பொது ஆவணங்கள். விதிப்படி அல்லாமல் அவற்றை அழித்தால் ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று அந்தச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு சொல்கிறது. சுரங்கத்தை மூடியதால் இந்தப் பொறுப்பு மூடிப் போகாது. அதே சட்டத்தின் 11-ஆம் பிரிவு, வரலாற்று முக்கியத்துவம் உள்ள தனியார் ஆவணங்களையும் தேசிய ஆவணக் காப்பகம் நன்கொடையாகவோ விலைக்கோ பெற்றுக்கொள்ளலாம் என்கிறது. நம் டிரங்குப் பெட்டிக்கும் அங்கே கதவு உண்டு என்று அர்த்தம்.

2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவோ, ஒவ்வொரு அரசு அலுவலகமும் தன் ஆவணங்களை அட்டவணை போட்டு ஒழுங்காக வைக்க வேண்டும் என்கிறது. பத்து ரூபாய்க் கட்டணத்தில் சுரங்க அமைச்சகத்துக்கு ஒரு மனு: மூடிய சுரங்கத்தின் ஆவணங்கள் என்னென்ன, எந்த அறையில், யார் பொறுப்பில்? கம்பெனி காலத்துப் பதிவேடுகளில் எவை கைமாறி வந்தன? இந்த மனுவைச் சங்கம் எழுதி வைத்திருக்கிறது. முப்பது நாளில் பதில் வர வேண்டும். ஒருவர் பெயரில் போவதை விட நூறு பேர் பெயரில் போவது நல்லது. கூட்டம் முடிந்ததும் வாசலில் உள்ள மேஜையில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.

பணத்துக்கு நாம் கேட்பது என்ன? பெரிய மண்டபம் கேட்கவில்லை. தங்கவயலிலேயே ஈரம் தாக்காத இரண்டு அறை, நகல் எடுக்கும் கருவிகள், ஐந்து ஆண்டுக்கு ஏழெட்டு இளைஞர்களுக்குச் சம்பளம். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தில் இறக்க ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும், பேசுபவர் இருமிக்கொண்டே பேசினால் இன்னும் அதிகம். வேலை முடிந்து வந்து ஓசியில் செய்கிற காரியமல்ல இது. அந்த வேலைக்கு நம் பிள்ளைகளையே எடுக்க வேண்டும். ஐ.டி. கம்பெனி வாசலில் செக்யூரிட்டியாக நிற்கும் பட்டதாரிகள் நம்மிடம் குறைவில்லை. தாத்தா ‘பாறை முனகிச்சு’ என்றால் அவர்களுக்கு உடனே புரியும். வெளியூர் ஆராய்ச்சியாளருக்கு அதற்கு அரை நாள் விளக்கம் சொல்ல வேண்டும்.

மத்திய அரசிடம் கேட்பதோடு நிற்கவும் கூடாது. தங்கவயலுக்கு 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் கொண்டு வந்தது மைசூர் அரசு. பெங்களூருக்கு விளக்கு எரிந்தது அதற்குப் பிறகுதான். சுரங்கத்தால் லாபம் கண்ட மாநிலம் பங்கு தர வேண்டும். தமிழ்நாடு அரசு தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் வழியாக அரிய தமிழ் நூல்களையும் இதழ்களையும் மின்னாக்கம் செய்து எல்லோரும் படிக்க வைத்திருக்கிறது. அயலகத் தமிழர் நல வாரியம், வெளி மாநிலங்களில் வாழும் தமிழருக்கும் உரியது. நம் பழைய தமிழ்த் துண்டறிக்கைகளையும் சங்க மலர்களையும் அந்த வரிசையில் சேர்க்கச் சொல்லிக் கேட்போம். சுரங்கத்தில் தெலுங்கர் இருந்தனர், கன்னடர் இருந்தனர், ஆங்கிலோ இந்தியர் இருந்தனர். அவர்கள் பேச்சும் அவரவர் மொழியில் பதிவாக வேண்டும். கூண்டில் இறங்கும்போது மொழி பார்த்து இறக்கவில்லை.

அரசுப் பணம் வாங்கினால் அரசு சொன்னபடி ஆட வேண்டி வருமே என்ற பயம் சிலருக்கு இருக்கிறது. நமக்கும் இருக்கிறது. ஆகவே பணம் வருவதற்கு முன்பே நிபந்தனையை நாம் போட வேண்டும். ஒரு பிரதி எந்தத் தலைநகருக்குப் போனாலும் ஒரு பிரதி தங்கவயலில் இருக்க வேண்டும். நிர்வாகக் குழுவில் பாதிப் பேராவது முன்னாள் தொழிலாளர் குடும்பத்தவராக இருக்க வேண்டும். பேசியவர் விரும்பினால் பெயரை மறைக்கவும், தன் பேச்சைப் பத்து ஆண்டோ இருபது ஆண்டோ பூட்டி வைக்கவும் உரிமை வேண்டும். ஏன் என்று கேட்டால், 1991 டிசம்பரில் காவிரி இடைக்காலத் தீர்ப்பை ஒட்டிப் பெங்களூரில் தமிழர் மீது நடந்ததை நினைத்துப் பாருங்கள். அதைக் கண்ணால் கண்டவர்கள் நம்மில் இருக்கிறார்கள். அன்று காப்பாற்றிய கன்னட அண்டை வீட்டாரையும் அவர்கள் சொல்வார்கள், கல்லெறிந்தவரையும் சொல்வார்கள். அதே தெருவில் இன்றும் குடியிருக்கிறவர்கள் அதைச் சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்க வேண்டாமா? சங்கங்களுக்குள் இருந்த சண்டை, கட்சித் தகராறு, நமக்குள்ளேயே பார்த்த சாதி, இவையும் வரும். அதையெல்லாம் வெட்டிவிட்டுப் புகழ் மாலை மட்டும் கட்டினால் அது வரலாறாகாது.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தாய்மார்களை அவர்கள் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்காதீர்கள். கேள்வி அம்மாவுக்கு, பதில் அப்பாவிடமிருந்து வரும். மூன்று ஷிஃப்டுக்கு மூன்று வேளை அடுப்பு மூட்டியது, சம்பள நாளில் சாராயக் கடை வாசலில் காத்து நின்றது, சீட்டுக் கட்டிப் பிள்ளையைப் படிக்க வைத்தது, கல்தூசி நோயாளியை வருடக்கணக்கில் நிமிர்த்தி உட்கார வைத்தே தூங்கச் செய்தது, சுரங்கம் மூடியபின் முதல் ஆளாகப் பெங்களூர் ரயில் ஏறி வீட்டு வேலைக்குப் போனது, இதெல்லாம் அவர்களிடம்தான் இருக்கிறது. எந்தப் பதிவேட்டிலும் அவர்களுக்கு ஒரு வரி கூட ஒதுக்கவில்லை.

பணம் வரும்போது வரட்டும், அதுவரை வீட்டில் செய்ய வேண்டியது சில உண்டு. பழைய சர்வீஸ் புத்தகம், சம்பளச் சீட்டு, சங்கச் சந்தா ரசீது, எக்ஸ்ரே, குழுப் படம் எதையும் தீபாவளிச் சுத்தத்தில் தூக்கிப் போடாதீர்கள். லாமினேஷன் செய்யாதீர்கள், பிறகு பிரிக்கவே முடியாது. பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டினால் ஈரம் கோர்த்துப் பூஞ்சை பிடிக்கும். துணியில் சுற்றி உயரமான இடத்தில் வையுங்கள். படத்தின் பின்பக்கம் பென்சிலால் யார் யார் என்று இன்றே எழுதுங்கள், தெரிந்தவர் இருக்கும்போதே. வீட்டுப் பெரியவர் பேசுவதைச் செல்போனில் பதிவு செய்தால், முதலில் நாளையும் அவர் பெயரையும் அவர் வேலை செய்த சாஃப்ட்டையும் வாயால் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். அந்தப் பதிவைப் போனிலேயே விட்டு வைக்காமல் சங்க அலுவலகத்தில் கொடுத்து இன்னொரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். மூலக் காகிதத்தை யாரிடமும், நம்மிடம் கூட, கொடுத்துவிடாதீர்கள். கண் முன்னால் படம் எடுத்துத் திருப்பித் தரச் சொல்லுங்கள். வரும் மாதத்திலிருந்து இரண்டாவது ஞாயிறு தோறும் நம் தோழர்கள் ஆண்டர்சன்பேட்டைப் பக்கம் வீடு வீடாக வருவார்கள். தோழியர் இருவராவது அதில் இருப்பார்கள். காலை பத்து மணிக்கு மேல் வரட்டும் என்றால் அதையும் மேஜையில் எழுதிக் கொடுங்கள்.